பாட்டு சோகமா, நினைவு சோகமா?

யூடியூபில் பழைய படப்பாட்டு ஒன்றைத் திறந்து கீழே இருக்கும் கருத்துகளைப் படித்துப் பாருங்கள். பாட்டைப் பற்றி எழுதியவர்களை விடத் தங்களைப் பற்றி எழுதியவர்களே அதிகம் இருப்பார்கள். ஹாஸ்டல் அறை, டவுன் பஸ், அப்பா போன வருஷம், கைகூடாத காதல் என்று வரிசையாக வரும். இதையெல்லாம் பார்த்துப் பொத்தாம்பொதுவாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம்: சோகப் பாட்டு சோக நினைவைக் கிளறுகிறது, அதனால் அழுகை வருகிறது.

இந்த ஒரு வரியில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பாட்டின் தொனி சோகமாக இருப்பது ஒன்று. கேட்பவர் மனம் கனப்பது இரண்டாவது. பழைய நிகழ்ச்சி ஒன்று கண்முன் வந்து நிற்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தே வர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பிரிந்துபோன நண்பனோடு ஆடிய குத்துப்பாட்டு ஒருவரை அழவைக்கும். ஊரே உருகும் தாலாட்டு இன்னொருவருக்கு வெறும் நல்ல பாட்டு. மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் மீதி எளிது.

சுவிஸ் வீரர்களும் மாடு மேய்ப்பவர்களின் மெட்டும்

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சுவிட்சர்லாந்து மலைக்கிராமத்து இளைஞர்கள் கூலிப்படை வீரர்களாக அயல்நாட்டுப் படைகளில் சேர்ந்தார்கள். அவர்களில் பலரை ஊர் ஏக்கம் படுக்கையில் தள்ளியது. 1688இல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரில் எழுதிய ஆய்வேட்டில் இதை ஒரு நோயாகவே விவரித்து, ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயரும் வைத்தார்.

ஆல்ப்ஸ் மலையில் மாடுகளை அழைக்கப் பாடும், ஊதும் மெட்டு ஒன்று உண்டு. பிரெஞ்சில் ‘ரான்ஸ் தே வாஷ்’ என்பார்கள். படைக்குள் இதை இசைத்தால் மரண தண்டனை, ஏனென்றால் கேட்ட சுவிஸ் வீரர்கள் கண்ணீர் விட்டார்கள், படையை விட்டு ஓடினார்கள், சிலர் செத்தே போனார்கள் என்று 1768இல் வெளியான தம் இசை அகராதியில் தத்துவ அறிஞர் ரூசோ எழுதினார். அதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். அவர் கொடுத்த விளக்கம்தான் முக்கியம். அந்த மெட்டில் அப்படி உருக்கும் சுரங்களைத் தேடினால் எதுவும் கிடைக்காது. வெளியூர்க்காரனை அது அசைப்பதே இல்லை. இங்கே இசை இசையாக வேலை செய்யவில்லை, நினைவின் அடையாளமாக வேலை செய்கிறது என்றார்.

மாட்டைக் கூப்பிடும் மெட்டில் சோகம் எதுவும் இல்லை. சோகம் வீரனிடம் இருந்தது. இன்றைய ஆய்வுக்கூடங்கள் இதற்கு நுணுக்கம் சேர்த்திருக்கின்றன, அடிப்படையை மாற்றவில்லை.

அப்படியானால் ‘சோகப் பாட்டு’ என்பது என்ன?

துக்கத்தில் இருப்பவர் பேசுவதைக் கவனியுங்கள். வேகம் குறையும், குரல் தாழும், சத்தம் அடங்கும், ஏற்ற இறக்கம் சுருங்கும், வாக்கிய முடிவில் தொனி கீழே சரியும். சோகம் என்று நாம் அடையாளம் காணும் இசையிலும் பெரும்பாலும் இதே குணங்கள்தான் இருக்கின்றன. பேச்சையும் இசையையும் பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை யூஸ்லின், லௌக்கா என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் தொகுத்துப் பார்த்தபோது இந்த ஒற்றுமை தெளிவாகத் தெரிந்தது.

இதில் நமக்கு நேரடித் தொடர்புள்ள ஆய்வும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 2012இல் கர்நாடக இசையையும் மேற்கத்திய இசையையும் ஒரு பக்கம், தமிழ்ப் பேச்சையும் ஆங்கிலப் பேச்சையும் மறுபக்கம் வைத்து அளந்தது. சோக பாவமுள்ள மெட்டுகளில் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கான தாவல் சிறியதாகவும், உற்சாக மெட்டுகளில் பெரியதாகவும் இருந்தது. இரண்டு மொழிப் பேச்சிலும் அதே போக்கு. இசையில் கேட்கும் இந்தக் குரல் சாயல் கேட்பவரையும் லேசாகப் பற்றிக்கொள்வதை *உணர்ச்சித் தொற்று* என்கிறார்கள். இதற்கு நினைவு எதுவும் தேவையில்லை. முதல்முறை கேட்கும், மொழி புரியாத பாட்டுக்கும் இது நடக்கும்.

ஆனால் எல்லாச் சோக அடையாளமும் சுரத்திலேயே பிறந்ததல்ல. வடக்கே ஷெனாய் கல்யாண வாத்தியம். தமிழ்ப் படங்களிலோ ஷெனாய் இழைந்தால் யாரோ சாகப்போகிறார்கள் என்று கொட்டகைக்கே தெரியும். ஒரு ஒலியும் ஒரு சூழலும் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்ததால் உண்டான *பழக்க இணைப்பு* இது. முகாரி ராகத்துக்கும் இதே கதிதான். ‘முகாரி பாடாதே’ என்று சொல்லிச் சொல்லியே அதை அழுகை ராகமாக்கிவிட்டோம். சபரியின் பாக்கியத்தை எப்படி வர்ணிப்பேன் என்று தியாகராஜர் வியக்கும் கீர்த்தனையும் முகாரியில்தான் இருக்கிறது.

சுருக்கமாக: பாட்டின் சோகம் பாதி குரலின் சாயலிலிருந்தும் பாதி பழக்கத்திலிருந்தும் வருகிறது. உங்கள் சொந்த வாழ்க்கை இன்னும் உள்ளே வரவில்லை.

கிணற்றுக்குள் இறங்கும் பாதாளக் கரண்டி

கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கப் பாதாளக் கரண்டி போடுவார்கள். ஒரு வளையத்தில் பல கொக்கிகள் தொங்கும். கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் ஏதாவது ஒரு கொக்கி எதிலாவது மாட்டும். தேடிய வாளியும் வரலாம், எப்போதோ விழுந்து எல்லோரும் மறந்துபோன செம்பும் வரலாம். நினைவுக்குப் பாட்டு இப்படிப்பட்ட கரண்டிதான். கிடப்பதை மேலே கொண்டுவரும், புதிதாக எதையும் உண்டாக்காது.

உளவியலில் இதைத் *தூண்டுகுறி* என்று சொல்லலாம். ஒரு நிகழ்ச்சி மனத்தில் பதியும்போது கூடவே பதிந்த ஒலி, மணம், இடம் போன்ற ஏதோ ஒன்று பிறகு அந்த நிகழ்ச்சியை இழுத்து வரும். பதியும்போது கூட இல்லாத எதுவும் நல்ல தூண்டுகுறி ஆகாது என்பதை உளவியலாளர் எண்டெல் டல்விங் 1970களில் காட்டினார். நேரம், இடம், ஆள் எல்லாம் சேர்ந்து ‘நான் அங்கே இருந்தேன்’ என்ற உணர்வோடு வரும் நினைவுக்கு *நிகழ்வு நினைவு* என்று பெயர். பாட்டுத் தூண்டிலில் இந்த வகையும் சிக்கும்.

பாட்டில் கொக்கிகள் அதிகம். மெட்டு, வரி, தாளம், பாடகர் குரல், வாத்தியங்களின் நாதம், அந்தக் கால ஒலிப்பதிவுக்கே உரிய கரகரப்பு எல்லாமே கொக்கிகள். இதில் நாதத்தை, அதாவது ஒலியின் தனித்தன்மையை, நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். கிளென் ஷெலன்பெர்க் குழு 1999இல் செய்த சோதனையில் பிரபலமான பாட்டுகளின் பத்தில் ஒரு நொடித் துணுக்கைக் கொடுத்தே, அது எந்தப் பாட்டு என்று பட்டியலிலிருந்து பொருத்தச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொன்னால் கிடைப்பதை விட அதிகமாகவே சரியாகச் சொன்னார்கள். அந்த நேரத்துக்குள் மெட்டும் அடங்காது, வரியும் அடங்காது. நாதம் மட்டுமே இருக்கும். ரியாலிட்டி ஷோவில் ஒருவர் அதே பாட்டைப் பிசிறில்லாமல் பாடினாலும் பழைய ஞாபகம் வராமல் போவது இதனால்தான். பாடியவர் மேல் குற்றமில்லை. பாதிக் கொக்கிகள் இல்லாத கரண்டி அது.

எந்தப் பாட்டு நன்றாக மாட்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒரு குறிப்பிட்ட காலத்தில் அடிக்கடி கேட்டு, பிறகு வருஷக்கணக்கில் கேட்காமல் விட்ட பாட்டு மிகக் கூர்மையாக வேலை செய்யும். இருபது வருஷமாக வாரம் தவறாமல் கேட்கும் பாட்டு எத்தனையோ நாட்களோடு ஒட்டியிருப்பதால் எந்த ஒரு நாளையும் தனியாக இழுக்காது. ஆகாசவாணி காலை ஒலிபரப்பின் முகப்பு இசையை எடுத்துக்கொள்ளுங்கள். வால்டர் காஃப்மன் என்ற இசையமைப்பாளர் 1930களில் அமைத்ததாகச் சொல்லப்படுவது, சிவரஞ்சனி ராகத்தை ஒட்டியது. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ‘அந்தக் காலத்து விடியற்காலை’ என்று ஒரு மொத்தச் சித்திரம் வரும். ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வராது. இலங்கை வானொலியின் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டு வளர்ந்தவர்களுக்கும் இப்படித்தான்.

எல்லாப் பாட்டும் எதையாவது கிளறும் என்பதும் மிகை. கலிஃபோர்னியாவில் பீட்டர் ஜனாட்டா குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், கேட்பவர்களின் 7 முதல் 19 வயது வரையிலான ஆண்டுகளில் பிரபலமாக இருந்த பாட்டுகளையே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். அப்படியும் சராசரியாக 30 சதவீதப் பாட்டுகளே சொந்த நினைவைக் கொண்டுவந்தன. கூட வந்த உணர்வுகளும் பெரும்பாலும் இதமானவை. ஏக்கம் அதில் முக்கியமானது.

ஏன் எப்போதும் அந்த வயசுப் பாட்டு?

நடுவயது தாண்டிய ஒருவரிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவை மற்ற வயதுகளை விட அதிகமாக வரும். வரைபடத்தில் இது மேடுபோல் தெரிவதால் *நினைவு மேடு* எனலாம். இசையில் இந்த மேடு இன்னும் இளமைப் பக்கம், பதின்வயதை ஒட்டியே சாய்கிறது. முதல் காதல், முதல் வேலை, ஊர் மாற்றம் எல்லாம் அப்போதுதான் நடக்கின்றன. முதல்முறை நடப்பது ஆழமாகப் பதிகிறது. ‘எங்க காலத்துப் பாட்டு மாதிரி வராது’ என்று ஒவ்வொரு தலைமுறையும் சொல்வதற்கு இசையமைப்பாளர்களின் தரத்தை விட இந்த மேடே பெரிய காரணம். இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்பது வேறு விஷயம்.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் கரோல் க்ரும்ஹான்ஸல் 2013இல் இன்னொரு மேட்டையும் கண்டார். இருபது வயதுக்காரர்களுக்குத் தங்கள் பெற்றோர் இளமையாக இருந்த காலத்துப் பாட்டுகளோடும் சொந்த நினைவும் ஒட்டுதலும் இருந்தன. அப்பா காரில் போட்ட பாட்டு, அம்மா சமைக்கும்போது முணுமுணுத்த பாட்டு எல்லாம் பிள்ளைகளின் கிணற்றுக்குள்ளும் போய் விழுந்திருக்கின்றன.

சோகத் தொனி நினைவுக்கு என்ன உதவி செய்கிறது?

முதலில் பிரித்த மூன்றையும் இப்போது இணைக்கலாம். சோகத் தொனி நினைவை நேரடியாக எழுப்புவதில்லை. இரண்டு வழிகளில் வழிவிடுகிறது.

ஒன்று, மனநிலை. மனம் தாழ்ந்திருக்கும்போது அதே நிறமுள்ள நினைவுகள் சுலபமாக மேலே வரும். இதை *மனநிலை ஒத்த நினைவு* என்பார்கள். மெட்டு மனத்தை ஒரு படி இறக்குகிறது, அந்தப் படியில் இருக்கும் நினைவுகள் கைக்கு எட்டுகின்றன, அவை மனத்தை இன்னொரு படி இறக்குகின்றன.

இரண்டாவது, இடைவெளி. வேகமான பாட்டு காலைத் தட்டவைத்துக் கவனத்தை வெளியே பிடித்துவைக்கும். மெதுவான சோக இசை கவனத்தை உள்ளே திருப்புகிறது. லிலா டாரூஃபி குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சியான இசையை விடச் சோக இசை கேட்கும்போது மனம் அதிகமாக அலைந்தது. நாம் வேறு வேலையில் இல்லாமல் நம்மைப் பற்றி யோசிக்கும்போது இயங்கும் மூளை வலையமைப்பும் அப்போது கூடுதலாக முனைப்பாக இருந்தது.

மூளையில் எங்கே என்று கேட்பவர்களுக்கு: நிகழ்வு நினைவைக் கோத்துத் தருவது காதுக்கு உட்பக்கம் இருக்கும் ஹிப்போகேம்பஸ். தெரிந்த பாட்டு, அதன் உணர்ச்சி, ‘இது என் வாழ்க்கை’ என்ற உணர்வு ஆகியவை ஒன்றுசேரும் இடம் நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய பகுதி என்று ஜனாட்டாவின் 2009 ஆய்வு காட்டுகிறது. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

இதுவரை வந்தது: தொனி மனத்தைத் தயார்ப்படுத்துகிறது, குறிப்பிட்ட பாட்டு குறிப்பிட்ட நினைவை மாட்டி இழுக்கிறது. தொனி எந்த நிறத்தில் இருந்தாலும் இழுத்து வரும் நினைவின் நிறம் உங்கள் வாழ்க்கையைப் பொறுத்தது.

அழுதுகொண்டே ஏன் மறுபடி கேட்கிறோம்?

டாரூஃபியும் கோல்ஷும் 2014இல் 772 பேரிடம் இணையத்தில் கேட்டார்கள். சோக இசை உங்களுக்கு எந்த உணர்வைத் தருகிறது என்ற கேள்விக்கு அதிகம் வந்த பதில் சோகம் இல்லை, ஏக்கம். அதாவது இனிப்பும் வருத்தமும் கலந்த, பழையதை எண்ணும் உணர்வு. அது நன்றாக இருந்தது, இப்போது இல்லை என்ற இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. முதல் பாதிக்காகத்தான் திரும்பக் கேட்கிறோம்.

அழும்போது ‘ப்ரோலாக்டின்’ என்ற ஹார்மோன் சுரந்து ஆறுதல் தருகிறது, அதனால்தான் சோகப் பாட்டு பிடிக்கிறது என்று வாட்ஸ்ஆப்பில் அடிக்கடி பார்க்கலாம். இசை ஆய்வாளர் டேவிட் ஹ்யூரன் 2011இல் முன்வைத்த ஊகம் அது. அவர் ஊகம் என்றே சொன்னார். பின்னர் 2021இல் சோக இசை கேட்டவர்களின் இரத்தத்தை அளந்து பார்த்த ஆய்வு ஒன்றில் ப்ரோலாக்டின் கூடவில்லை, குறைந்தது. பகிர்வதை நிறுத்திக்கொள்ளலாம்.

தெளிவு வேறு, உண்மை வேறு

பாட்டோடு வரும் நினைவு மிகத் தெளிவாக இருக்கும். அயோவா பல்கலைக்கழகத்தில் 2016இல் செய்த ஒப்பீட்டில், பிரபலமானவர்களின் முகப்படங்களைப் பார்த்து வந்த நினைவுகளை விடப் பாட்டால் வந்த நினைவுகளில் விவரங்கள் செறிவாக இருந்தன. ஆனால் தெளிவாக இருப்பதாலேயே அது நடந்தபடி இருக்கிறது என்று ஆகாது. 2001 செப்டம்பர் 12 அன்று, நியூயார்க் தாக்குதலுக்கு மறுநாள், டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் 54 பேரிடம் செய்தியைக் கேட்ட தருணத்தையும், அந்த நாட்களில் நடந்த ஒரு சாதாரண நிகழ்ச்சியையும் எழுதி வாங்கினார்கள். வாரங்கள், மாதங்கள் கழித்து மறுபடி கேட்டபோது இரண்டு நினைவுகளிலும் விவரங்கள் ஒரே அளவில் மாறியிருந்தன. தாக்குதல் நினைவைப் பற்றிய உறுதி மட்டும் குறையவில்லை.

பாட்டு நினைவுக்கும் இதை நினைவில் வையுங்கள். ‘இந்தப் பாட்டு ஓடும்போதுதான் அவள் சொன்னாள்’ என்று அடித்துச் சொல்வோம். படம் வெளியான வருஷத்தைப் பார்த்தால் அது இரண்டு வருஷம் கழித்து வந்த படமாக இருக்கும்.

எங்கே கெட்டுப்போகிறது?

பெரும்பாலோர் சோகப் பாட்டு கேட்டு, கொஞ்சம் கண் கலங்கி, லேசாகி எழுந்து போகிறார்கள். சிலருக்கு அப்படி நடப்பதில்லை. ‘ஏன் எனக்கு மட்டும் இப்படி’ என்று அரைத்த மாவையே அரைக்கும் பழக்கம் உள்ளவர்கள், அதிலும் மனச்சோர்வு உள்ளவர்கள், கேட்ட பிறகு முன்னை விட மோசமாக உணர்வதைச் சாண்ட்ரா கரிடோ போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதே நேரம் மனச்சோர்வில் இருக்கும் சிலருக்குச் சோக இசை அமைதி தருகிறது. ஆகவே பொது விதி சொல்ல முடியாது. உங்களுக்கு எது என்று நீங்களே பார்க்கலாம்.

கேட்பதற்கு முன் மனநிலைக்கு 10க்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். பாட்டுகள் முடிந்து கால் மணி நேரம் கழித்து இன்னொன்று போடுங்கள். உடனே போட்டால் பாட்டின் கிறக்கத்தைத்தான் அளப்பீர்கள். ஒரு வாரம் இப்படிச் செய்தால் போக்கு தெரிந்துவிடும். எண் தொடர்ந்து இறங்கினால் முதலில் மாற்ற வேண்டியது ‘ரிப்பீட்’ பொத்தான். ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடினால் அதே நினைவும் திரும்பத் திரும்ப ஓடும். மூன்று, நான்கு பாட்டுகளில் தானாக முடியும்படி பட்டியல் போட்டு, கடைசிப் பாட்டு வேறு தொனியில் இருக்கட்டும். இரவு படுக்கையில் தனியாக ஹெட்போனில் கேட்பதைப் பகலுக்கு மாற்றுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் அது பாட்டுப் பட்டியலால் தீரும் விஷயமல்ல. மருத்துவரைப் பாருங்கள்.

மறதி நோயுள்ள பெரியவருக்குப் பாட்டுப் பட்டியல்

இந்த அறிவு மிக நேராகப் பயன்படும் இடம் இது. நெடுங்காலம் பழகிய இசையைக் கேட்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயில் ஒப்பீட்டளவில் குறைவாகவே சுருங்குகின்றன என்று 2015இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரைச் சேர்ந்த குழு காட்டியது. ஹிப்போகேம்பஸோ ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகிறது. அதனால் பாட்டு தெரியும், வரி வரும், கை தாளம் போடும். ஆனால் பாட்டோடு ஒட்டிய நிகழ்ச்சி வராமல் போகலாம். வீட்டார் ஏமாறுவது இங்கேதான்.

பிறந்த வருஷத்தோடு 10 கூட்டுங்கள், 25 கூட்டுங்கள். 1948இல் பிறந்தவருக்கு 1958 முதல் 1973 வரை. அந்த ஆண்டுகளின் படப்பாட்டுகளிலிருந்து இருபது, முப்பது எடுங்கள். பட்டியலில் பக்திப் பாட்டு, கோயில் நாதஸ்வரம், அவர் வாயாலேயே பாடிய தாலாட்டு ஆகியவையும் சேரட்டும். அவர் பெற்றோர் காலத்துப் பாட்டு நாலைந்தும் வையுங்கள். அசல் ஒலிப்பதிவே வேண்டும், ரீமிக்ஸ் வேண்டாம். விளம்பரம் குறுக்கே வராதபடி தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அலறும் சோப்பு விளம்பரம் அவரைத் திடுக்கிடவைத்து மொத்தத்தையும் கெடுத்துவிடும்.

ஒரு தடவைக்கு 20 நிமிஷம், அதிகம் போனால் அரை மணி நேரம். டிவி அணைந்திருக்க வேண்டும். சத்தம் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் அளவு. மாலையில் பதற்றம் கூடுபவராக இருந்தால் அதற்கு அரை மணி நேரம் முன்பே தொடங்குங்கள். உதடு அசைவது, விரல் தட்டுவது, கண் திறந்து பார்ப்பது எல்லாம் நல்ல அறிகுறிகள். அந்தப் பாட்டுக்கு ஒரு குறி போடுங்கள். முகம் சுளிப்பது, மூச்சு வேகமாவது, எழுந்து போக முயல்வது தெரிந்தால் அந்தப் பாட்டை நீக்குங்கள்.

அழுதால் உடனே அணைக்க வேண்டாம். அழுதுகொண்டே கூடப் பாடுகிறாரா, கையைப் பிடித்துக்கொள்கிறாரா என்று பாருங்கள், அப்படியென்றால் ஓடட்டும். முகம் இறுகி, உடம்பு விறைத்தால் நிறுத்துங்கள். துக்க வீட்டோடு தொடர்புள்ள பாட்டு என்று உங்களுக்கே தெரிந்ததை முதலிலேயே தவிர்த்துவிடுங்கள்.

‘இது என்ன படம்? யார் பாடினது? எந்த வருஷம் பார்த்தோம்?’ என்று கேள்வி கேட்காதீர்கள். போன திறனைச் சோதிக்கும் பரீட்சையாகிவிடும் அது. ‘நல்லா இருக்குல்லம்மா’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரியை நீங்கள் பாடுங்கள். பெரும்பாலும் அதற்கடுத்த வரியை அவர் எடுத்துக்கொள்வார்.